குழாயில் வெள்ளம்

– என் ரத்தத்த ரெண்டு தடவ டெஸ்ட் பண்ணிட்ட. மெஷின் கெட்டுப்போச்சா?

– மெஷின் நல்லாத்தான் இருக்கு மாமா. காலையில வெறும் வயித்துலதான வந்தீங்க?

– நீதான சொன்ன.

– மாமா...

– ...மூணு இரும்பு மாத்திரை. உங்க அக்காவோடது.

– மூணா!

– மச்சினி வேலை பாக்குற லேப். ரிப்போர்ட் கொஞ்சம் லட்சணமா வரட்டுமேன்னு...

– பரீட்சையில பிட்டு அடிப்பாங்க. ரத்தத்துல பிட்டு அடிச்ச ஒரே ஆளு நீங்கதான். இரும்பு எகிறி நிக்குது!

– அப்ப பாஸ்! அக்காகிட்ட மூச்சு விடாத. வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

– இருங்க. ஃபெரிட்டின்னு ஒண்ணு இருக்கு.

– அது யாரு?

– நீங்க பிளம்பர்தான? ரத்தத்துல ஓடுற இரும்பு, குழாய்த் தண்ணி. ஃபெரிட்டின் பாத்தா மேல்தொட்டியில எவ்வளவு இருப்புன்னு தெரியும். நீங்க முழுங்கினது குழாயோட சரி.

– தொட்டியில?

– தரை தட்டிடுச்சு.

– ரிப்போர்ட்டுல ஹீமோகுளோபின் சரியா இருக்குன்னு போட்டிருக்கே?

– அதான் அதிசயம்! தொட்டியச் சுரண்டிச் சுரண்டி ரத்தத்துக்குக் குடுத்திருக்கு உடம்பு. வெளிய காட்டிக்கவே இல்ல.

– என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமயா?

– சொல்லிச்சே. டம்ளர் டம்ளரா ஐஸ்கட்டி கடிக்கிறீங்களே... இரும்பு வத்தினா சில பேருக்கு அந்த ஆசை வரும்.

– அடேயப்பா... நான் வெயிலுன்னு நெனச்சேன்! எத்தனை வீட்டுத் தொட்டி ஏறியிருக்கேன்... எனக்குள்ளயே ஒருத்தன் சத்தமில்லாம இறைச்சுக் கொட்டியிருக்கான். கூலி கூடக் கேக்கல பாரு!

– கண்ணத் துடைங்க.

– தூசி... இரு. நான் ரெண்டு ஆளு சாப்பாடு சாப்பிடுறவன். தண்ணி ஏறியும் தொட்டி காலின்னா...

– மாமா, முட்டி வலிக்கு எதாவது மாத்திரை போடுறீங்களா?

– ...தினமும். குனிஞ்சு நிமிர்ற பொழப்பு. ஏன், பேச்ச மாத்துற?

– மாத்தல. உங்க ரிப்போர்ட்டப் பாத்த டாக்டர் கேக்கச் சொன்னார். அடுத்து வயித்துக்குள்ள குழாய் விட்டுப் பாக்கணுமாம்.

– எனக்கே குழாயா! ...சிரிக்க மாட்டேங்குற. பூசி மெழுகாம சொல்லு. கசியுதா?

– கசியுதுன்னுதான் டாக்டர் நெனைக்கிறார். அந்த மாத்திரை வயித்தைப் புண்ணாக்கியிருக்கலாம். வேற எதாவதாவும் இருக்கலாம். பாத்தாதான் தெரியும். எனக்கும் பயமாத்தான் இருக்கு. இன்னொண்ணு மாமா... உங்கள டெஸ்டுக்கு வரவைக்கச் சொன்னதே அக்காதான். முட்டி மாத்திரை அட்டைய உங்க டூல் பையில பாத்துட்டா. ராத்திரி நீங்க ஐஸ்கட்டி கடிக்கிற சத்தத்தக் கேட்டுக்கிட்டே தூங்காம இருந்திருக்கா. கதவத் திறங்க... வெளியதான் நிக்கிறா.