தொண்ணூற்று நான்கு மட்டும்கள்

பேச்சை நிறுத்தும் மணியை மேசையில் வைத்திருந்தும் இன்னும் அதன்மேல் கை வைக்காத பெருந்தன்மையாளர், நம் முல்லைவனம் நகர் நலச்சங்கத் தலைவர் பட்டாபிராமன் ஐயா அவர்களே! மழை நின்றதும் மறந்துவிடாமல், மறு மாதமே மேடை போட்ட சங்கத்துச் சான்றோர்களே! அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்த கவலையில் ஒரு காதை வீட்டுக்கும் ஒரு காதை எனக்கும் பிரித்துக் கொடுத்திருக்கும் தாய்மார்களே! தாம்பரம் ரயிலைப் பிடித்து ஓடி வந்து, வேர்வை காயாமல் வீற்றிருக்கும் வேலைக்குச் செல்லும் பெருமக்களே! முன்வரிசையில் சக்கர நாற்காலியில் அமர்ந்து, வலக்கையை மட்டும் உயர்த்தி எனக்கு வாழ்த்துச் சொல்லும் ரத்தினபாய் அம்மா அவர்களே! உங்கள் அனைவரையும் உலர்ந்த தரையில் உட்கார்ந்திருக்கப் பார்க்கிறேனே, அந்த நிம்மதியோடு வணங்குகிறேன்.

நான் ஜோவிதா. மூன்றாம் குறுக்குத் தெரு. சோழிங்கநல்லூரில் கோட் எழுதிப் பிழைப்பவள்.

என்ன ஜெயவேலு அண்ணா, பின்னாலிருந்து ஏதோ கேட்கிறீர்கள்? "கோடுன்னா இன்னாமா? நோட்டுல போடுவாங்களே, அந்தக் கோடா?" நல்ல கேள்வி. கைதட்டுங்கள் அவருக்கு. அண்ணா, அது கம்ப்யூட்டருக்கு நாம் எழுதித் தரும் கட்டளை. இது நடந்தால் இதைச் செய், அது நடந்தால் அதைச் செய் என்று வரிவரியாக எழுதுவோம். நம் கதையில் நீங்கள் சொன்ன கோடும் வருகிறது. கால்வாய் மதகில் சிவப்புப் பெயிண்டில் போட்டிருக்கிறோமே, அந்தக் கோடு.

இரண்டாயிரத்துப் பதினைந்தை நான் உங்களுக்கு நினைவூட்ட வேண்டுமா? முடிச்சூர்க்காரருக்கு வெள்ளத்தைப் பற்றி வகுப்பெடுப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. அந்த வெள்ளம் வடிந்தபின் சங்கம் ஒரு முடிவெடுத்தது. மதகில் ஒரு கருவி. தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டால், முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் தானாகத் தொலைபேசி அழைப்பு. "தண்ணீர் கோட்டைத் தொட்டுவிட்டது, மாடிக்குப் போங்கள்." அதற்கான கோட் எழுதியது யார்? அடியேன். எத்தனை வரி? பதினொன்று. மாலை போட்டீர்கள், மேடையேற்றினீர்கள், மயங்கிப்போனேன்.

மாலை வாடுமுன்பே வந்தது முதல் விண்ணப்பம். யாரிடமிருந்து? தலைவர் மன்னிக்க வேண்டும். "ஜோவிதா, எனக்கு மட்டும் ராகு காலத்துல போன் வர வேண்டாம்மா." ஒரு வரி சேர்த்தேன். அடுத்து ஃபிரெடி அண்ணன்: "எங்களுக்கு மட்டும் ஞாயித்துக்கிழமை ஆராதனை நேரத்துல வேண்டாம்மா, எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க." இன்னொரு வரி. ஸ்ரீவத்சன் சார் வந்தார்: "கார் இருக்கிற வீட்டுக்கு மட்டும் முதல்ல அடிக்கட்டுமே! மேம்பாலத்துல இடம் பிடிக்கணும் இல்ல?" அதற்கு மூன்று வரி. சிரிக்காதீர்கள். சிரிக்கிற ஒவ்வொருவருடைய 'மட்டும்' எது என்று எனக்குத் தெரியும்!

எட்டாண்டு, அன்பர்களே! எனக்கு மட்டும், எங்களுக்கு மட்டும், இந்த ஒரு தடவை மட்டும். வாசலில் வந்து நின்றவரிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. தாட்சண்யம்! பதினொரு வரி அறுநூறு வரியாயிற்று. எழுதியவள் நான். ஒவ்வொரு வரியும் ஒருவருக்குச் செய்த உபகாரம் என்று உள்ளுக்குள் பெருமை வேறு.

மூன்றாம் தெருக் கோடி வீட்டுக்கு வாருங்கள். மாடியில் வீட்டுக்கார அம்மா, அபிதகுஜாம்பாள் மாமி. கீழே வாடகைக்கு, கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற வேதசிரோமணி ஐயாவும் அவர் மனைவி ரத்தினபாய் அம்மாவும். அம்மாவுக்குப் பக்கவாதம், இடப்பக்கம் அசையாது. அவரை மாடிக்கு ஏற்ற, ஆள் துணையோடு அரை மணி நேரம் வேண்டும். மாமிக்கு அவர்கள்மேல் உயிர். அந்த உயிரால்தான் என்னிடம் வந்து சொன்னார்: "கீழ இருக்கிறவாளுக்கு மட்டும் நேரா போன் வேண்டாம். அவர் பதறிப் போயிடுவார். எனக்கு வரட்டும், நானே இறங்கிப் போய்ச் சொல்லிடறேன்." நல்ல எண்ணம்தானே? சேர்த்தேன். ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்பே மாமி இன்னொன்று கேட்டிருந்தார்: "மத்தியானம் ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் மட்டும் அடிக்காதே, தூங்கிண்டிருப்பேன்." அதுவும் கோட்டில் இருந்தது. மாமிக்கும் அது மறந்துவிட்டது. எனக்கும் மறந்துவிட்டது. கம்ப்யூட்டருக்கு மறக்கவில்லை.

போன வருட மழை. மத்தியானம் இரண்டு நாற்பதுக்குத் தண்ணீர் கோட்டைத் தொட்டது. கீழ்வீட்டுக்கான அழைப்பு மாமிக்குப் போக வேண்டும். மாமி தூங்கும் நேரம். ஆகவே அந்த அழைப்பு, சமர்த்தாக, நாலு மணி ஆகட்டும் என்று காத்துக்கொண்டிருந்தது! மூன்று இருபதுக்குத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. ஐயா ஒற்றை ஆளாக அம்மாவின் கட்டிலருகே நின்று கத்தினார். இடுப்பளவுத் தண்ணீரில் அந்தப் பக்கம் வந்த ஜெயவேலு அண்ணன் அந்தக் கத்தலைக் கேட்டார். கட்டில் நனையும்போது அம்மாவைத் தோளில் தூக்கினார். அவர் அந்தப் பக்கம் வராதிருந்தால்? அதற்குமேல் என்னால் நினைக்க முடிவதில்லை.

ஒரு வாரம் கழித்து வேதசிரோமணி ஐயா என் வீட்டு கேட்டில் வந்து நின்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எனக்கு மட்டும் ஏம்மா வரல?"

கேட்டீர்களா அன்பர்களே? அதே சொல்! எட்டாண்டு சலுகை கேட்டு வந்த அதே 'மட்டும்', அன்றைக்கு என்னைக் கேள்வி கேட்க வந்தது. வெட்கமாக இருந்தது.

உள்ளே போய் என் கோட்டை நானே படித்தேன். எனக்கே புரியவில்லை! சங்கத்தில் சிலர், எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கலாம் என்றார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா? என் தோழி சின்மயி, சிட்லபாக்கத்துக்காரி, அடுத்தவர் எழுதியதில் பிழை கண்டுபிடிப்பதையே உத்தியோகமாகக் கொண்டவள், அவளைக் கூப்பிட்டேன். ஒரு கருவியை ஓட்டினாள். கோட்டின் ஒவ்வொரு பகுதியிலும் வழி எத்தனை இடத்தில் பிரிகிறது என்று அது எண்ணிச் சொல்லும். பத்துக்குள் இருந்தால் மனிதத் தலை தாங்குமாம். எட்டாண்டில் முளைத்தவை மொத்தம் முப்பது பகுதி. இருபத்தொன்பதும் பச்சை. ஒன்றே ஒன்று சிவப்பு. 'யாரை அழைப்பது' என்ற பகுதி. எண்ணிக்கை? தொண்ணூற்று நான்கு! முடிச்சூர் சாலையில் ஒரே மைலுக்குள் தொண்ணூற்று நான்கு இடத்தில் வழி பிரிந்தால், வெளியூரிலிருந்து வரும் மாப்பிள்ளை வீடு வந்து சேர்வாரா?

நான் உடனே வெட்டக் கிளம்பினேன். சின்மயி கையைப் பிடித்தாள். "மவளே, மொதல்ல இது இப்ப என்ன பண்ணுதுன்னு எழுது. அப்புறம் கை வை." முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டையும் தாளில் எழுதினோம். இன்ன கிழமை, இன்ன மணிக்குத் தண்ணீர் வந்தால் யாருக்கு அழைப்பு போகாது? எழுதி முடித்துப் பார்த்தால், ஏதோ ஒரு நேரத்தில் அழைப்பே போகாத வீடுகள் நாற்பத்தொன்று. அதில் ஒன்று என் வீடு!

இனி வரிகளை அழிக்கலாம். ஆனால் அவை என் வரிகளா? உங்களுக்குக் கொடுத்த வாக்கு அல்லவா? ஆகவே தாளும் கையுமாக வீடு வீடாக ஏறி இறங்கினோம். தந்த மட்டும்களைத் திருப்பிக் கேட்டோம். தலைவர் தாளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார். "தண்ணி பஞ்சாங்கம் பாத்தா வருது? எடுத்துடும்மா." ஃபிரெடி அண்ணன் சொன்னார்: "சர்ச்ல போன் அடிச்சா அடிக்கட்டும். கோயில் மணி மாதிரி நினைச்சுக்கிறோம்." ஸ்ரீவத்சன் சார் சொன்னதைச் சொல்லவா சார்? "கார் கிடக்கட்டும், மொதல்ல மனுஷங்க."

மாமி வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. போனோம். தாளைக் காட்டினோம். மாமி தன் வீட்டு வரியை விரலால் தேடிப் படித்தார். பிறகு, "அவர் கீழ கத்திண்டிருந்தார், நான் மேல ஃபேனைப் போட்டுண்டு தூங்கிண்டிருந்தேன்" என்றார். கண் துடைத்தார். "ரெண்டையும் எடுத்துடு. இப்பவே, என் கண்ணு முன்னாடியே எடு." மாமியின் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து முதல் வரியை அழித்தேன். மாமி, தலை குனியாதீர்கள். நீங்கள் கேட்டது பாசத்தால். யோசிக்காமல் சேர்த்தது நான். தப்பு என்னுடையது.

ஒரு வரி அழிப்போம், சின்மயி சோதிப்பாள். அடுத்த வரி அழிப்போம், சோதிப்பாள். அறுநூறு வரி மறுபடி பதினொன்றாயிற்று. தண்ணீர் கோட்டைத் தொட்டதா? எல்லா வீட்டுக்கும் அழை. எடுக்கவில்லையா? எடுக்கும்வரை அழை. ஜெயவேலு அண்ணா, இதுதான் கோட். புரிகிறதா? "புரியுதும்மா" என்கிறார்! அன்பர்களே, ஒரு கோட்டுக்கு இதைவிட உயர்ந்த சான்றிதழ் இந்த உலகத்தில் இல்லை.

ஆனால் சான்றிதழ் தர வேண்டியவர் இன்னொருவர் இருந்தார். அவர் பெயர் மழை.

இந்த நவம்பர், செவ்வாய்க்கிழமை. மூன்று பத்து. மாமி தூங்கும் நேரம். தலைவர் கணக்குப்படி ராகு காலம். நான் சோழிங்கநல்லூரில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் கோட்டைத் தொட்டது என்று என் போன் அடித்தது. அங்கே அடித்ததா? அந்தக் கோடி வீட்டில் அடித்ததா? ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். மூன்றாவது நிமிடம், அழைப்பு. வேதசிரோமணி ஐயா.

"எனக்கும் வந்துச்சும்மா."

அவ்வளவுதான் சொன்னார். ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்த கல் அன்றைக்குத்தான் இறங்கியது. மூன்று நாற்பதுக்கு ரத்தினபாய் அம்மா மாடியில். நாற்காலியின் ஒரு பக்கம் ஐயா, மறுபக்கம் ஜெயவேலு அண்ணன். படி உச்சியில் படுக்கை விரித்து மாமி. தண்ணீர் வீட்டுக்குள் வந்தது நாலு ஐந்துக்கு. வந்து பார்த்தது, ஆளில்லை, திரும்பிப் போயிற்று!

தமிழறிந்த அவையே! மட்டு என்றால் எல்லை. இன்னார் வரைக்கும், இதற்கு அப்பால் இல்லை என்று போடும் வேலி. 'மட்டும்' என்ற சொல்லிலிருந்து அந்த மட்டை வெட்டிப் பாருங்கள். மிஞ்சுவது என்ன? 'உம்'! எனக்கும், உனக்கும், கீழ்வீட்டுக்கும், மாடிவீட்டுக்கும் என்று எல்லாரையும் கோத்துக் கட்டும் அந்த ஈரெழுத்து உறவு, அத்தனை நாளும் உள்ளேயேதான் இருந்திருக்கிறது. நாங்கள் புதிதாக ஒன்றும் எழுதவில்லை. வெட்டினோம், அது மிஞ்சியது.

தலைவர் மணியைப் பார்க்கிறார். முடிக்கிறேன் ஐயா. வரும்போது பெயர் சொல்லி, பட்டம் சொல்லி ஒவ்வொருவராக அழைத்தேன். போகும்போது எல்லாரையும் 'உம்' போட்டு அழைக்கும் பதினொரு வரிக்காரியாகப் போகிறேன். மணி அடிக்காத தலைவருக்கும், தூக்கத்தை விட்டுக்கொடுத்த மாமிக்கும், தோள் கொடுத்த ஜெயவேலு அண்ணனுக்கும், கையைப் பிடித்து நிறுத்திய சின்மயிக்கும், கேட்டில் வந்து கேள்வி கேட்ட ஐயாவுக்கும், இதோ, வலக்கையை மறுபடி உயர்த்துகிறாரே, ரத்தினபாய் அம்மாவுக்கும், பால் பொங்கியிருக்குமோ என்று எழுந்து நிற்கும் தாய்மாருக்கும் என் நன்றி, என் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் கையைத் தூக்குங்கள். உங்களுக்கும்!