அல்ஃபாமாவில் ஓர் அமைதியான வீடு

லிஸ்பனில் ஒரு வாரம் தங்க வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது, எந்தப் பகுதியில் வீடு எடுக்கலாம் என்பதுதான். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். சிரிப்பார்கள். மறுநாள் மேட்டில் ஏறும்போது சிரிக்க மாட்டார்கள். முழங்கால் சரியில்லாதவர்களுக்கு பைஷா. அங்கே தரை சமமாக இருக்கும், ஆனால் கடைகளைத் தவிர ஒன்றுமில்லை. தூக்கமே வேண்டாம் என்கிறவர்களுக்கு பைரோ ஆல்ட்டோ. எதிர் ஜன்னலில் துணி காய்வதைப் பார்த்துக்கொண்டு காபி குடிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு எங்கள் அல்ஃபாமா. விருந்தினர்களுக்கு வீடு பார்த்துக் கொடுக்கிற இந்த வேலையைப் பதினோரு வருடமாகப் பார்க்கிறேன். தப்பான பகுதியில் கொண்டுவந்து விட்டுவிட்டாய் என்று ஒருவர்கூட என்னைக் குறை சொன்னதில்லை. போன ஜூனில் வந்த கனடாக்காரத் தம்பதியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர்.

அவர்கள் தங்கிய அந்தக் கட்டடத்திலேயே பிறந்தவள் நான். இரண்டாம் மாடியில், ஆற்றைப் பார்த்த அறையில். அந்த வீட்டில் இப்போது விருந்தினர்கள் தங்குகிறார்கள். ஒரு காலத்தில் எட்டுக் குடும்பங்கள் இருந்தோம். புது வீட்டுக்காரர் வாங்கிய பிறகு ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். கடைசியில் மிஞ்சியது இரண்டே பேர். கீழ்த்தளத்தின் பின்பக்க அறைகளில் நான், மூன்றாம் மாடியில் எட்டெல்வினா அம்மாள், எங்கள் வழக்கில் தோனா எட்டெல்வினா. அவருக்கு எண்பத்து நான்கு வயது. அறுபத்தைந்தைத் தாண்டி, பல வருடம் குடியிருந்தவரை யாரும் காலி செய்யச் சொல்ல முடியாது; சட்டம் அப்படி. எனக்கு ஐம்பத்து மூன்று. சட்டத்தின் இரக்கம் என்னிடம் வந்து சேர இன்னும் பன்னிரண்டு வருடம் இருந்தது.

வீட்டுக்காரரைப் பற்றித் தப்பாக எழுதிவிடாதீர்கள். பிப்ரவரியில் ஒருநாள் அவர் என்னைக் காபிக்கு அழைத்துப் பதமாகத்தான் பேசினார்.

"லுசீலியா, செப்டம்பர்ல கீழ்வீட்டையும் எடுத்துத் திருத்தப் போறேன். மேல அந்தம்மா தானா காலி பண்ணிட்டா, எனக்கு அதுவே போதும். நீ உன் இடத்துலயே இருந்துக்கோ. எழுதியே தந்துடறேன்."

அவ்வளவுதான். யாரையும் ஏதும் செய்யச் சொல்லவில்லை. செப்டம்பருக்கு ஏழு மாதம் இருந்தது.

நானும் வீடு தேடினேன். ஊருக்கெல்லாம் பகுதி பார்த்துச் சொல்கிறவள், எனக்கென்று தேடியபோது ஒவ்வொரு பகுதியும் கதவைச் சாத்தியது. கிராசாவில் நான் விருந்தினர்களுக்குப் பரிந்துரைக்கும் தெருக்களிலேயே நான் நுழைய முடியவில்லை. என் வருமானத்துக்குக் கிடைத்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம், பேருந்து பிடித்து, படகு பிடித்து வரவேண்டிய ஒரு அறை. எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தை நான் மறைக்கவில்லை. காலையில் எழுந்ததும் சுவரைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் வந்தது. சொந்த வீட்டிலேயே மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. இருக்கவும் முடியாது, போகவும் முடியாது.

அதனால் தோனா எட்டெல்வினாவிடம் பேசினேன். ஒரு தடவை அல்ல, பத்துத் தடவை. நகரத்துக்கு வெளியே ஒடிவேலாஸில் லிஃப்ட் உள்ள வீடு பார்த்துத் தர வீட்டுக்காரர் தயாராக இருந்தார். அறுபத்தோரு படி இறங்க முடியாமல் இரண்டு வருடமாக மேலேயே கிடக்கும் ஒருவருக்கு அது நல்ல ஏற்பாடு. போக மாட்டேன் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார்.

"ஒடிவேலாஸா? அங்க போய் யாரோட ஜன்னல்ல நின்னு சண்டை போடறது? பொண்ணே, என்னைப் பெட்டியில வச்சுத்தான் இறக்கணும். அதுவும் இந்த மாடிப்படி வளைவுல பெட்டி திரும்பாது. என்னை நிக்க வச்சுத்தான் கொண்டுபோவீங்க. ராணி மாதிரி நின்னுக்கிட்டே போவேன்."

"லிஃப்ட் இருக்கு, தோனா எட்டெல்வினா. நீங்க தினமும் வெளிய வரலாம்."

"வெளிய வந்து? உன் விருந்தாளிங்க பெட்டியை இழுத்துட்டுப் போறதைப் பாக்கவா? அதை இங்கேருந்தே பாக்கறேன். நீ சூப்பை வச்சுட்டுப் போ. உப்பு போட்டியா, இல்ல போன வாரம் மாதிரி மறந்துட்டியா?"

வாய்த் துடுக்கு அதிகம். ஆனால் எனக்கு ஒன்பது வயதில் அம்மா மருத்துவமனையில் இருந்தபோது நாற்பது நாள் சோறு போட்டவர் அவர்தான். நான் நன்றி மறந்தவள் அல்ல. தினமும் ரொட்டி, சூப், மருந்து எல்லாம் நான்தான் கொண்டுபோவேன். அவர் வீட்டுச் சாவி என் சமையலறை ஆணியில் தொங்கும். மற்ற வீடுகளைத் திருத்திக் கட்டியபோது அவருடைய தொலைபேசிக் கம்பி அறுந்துபோனது. திரும்ப இணைக்கச் சொல்லி எழுதுகிறேன் என்றேன். தலைக்கு மேல் வேலை, எழுதவில்லை. கைப்பேசி வைத்துக்கொள்ள அவர் மறுத்துவிட்டார். ஆக, அவரிடமிருந்து வெளியே போகிற வழி என்று பார்த்தால், நான் ஒருத்திதான்.

இப்போது நீங்கள் எனக்குப் போட்டுக் காட்டிய பதிவுக்கு வருகிறேன்.

புனித அந்தோணியார் விழா வாரம். தெருவெல்லாம் மத்தி சுடும் புகை, கடைக்குக் கடை பாட்டு. இரண்டாம் மாடியில் கனடாக்காரத் தம்பதி. இருவரும் பள்ளி ஆசிரியர்கள், நல்ல மனிதர்கள். வருவதற்கு முன் எந்தப் பகுதி என்று எனக்குப் பன்னிரண்டு கடிதம் எழுதியவர்கள். புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்தப் பெண் என் கதவைத் தட்டினாள்.

"மேல யாரோ தட்டறாங்க. ரொம்ப நேரமா."

"பழைய குழாய். தண்ணி ஏறும்போது அப்படித்தான் சத்தம் வரும்."

"குழாய் எண்ணி மூணு மூணாவா தட்டும்?"

"லிஸ்பன் குழாய் அப்படித்தான்" என்றேன். அவள் புருஷன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. மேலே போய்க் கைப்பேசியில் அதைப் பதிவு செய்திருக்கிறாள். புத்திசாலிப் பெண்.

அந்தத் தட்டல் உங்களுக்குப் புரியாது. எங்கள் கட்டடத்தில் தளமெல்லாம் மரப்பலகை. தொலைபேசி இல்லாத காலத்தில் துடைப்பக் கட்டையால் தரையில் தட்டித்தான் பேசிக்கொள்வோம். ஒரு தட்டு என்றால், கடைக்குப் போகிறவர்கள் குரல் கொடுங்கள். இரண்டு என்றால் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்று என்றால் உடனே வா. கீழே இருப்பவர்கள் கூரையில் தட்டிப் பதில் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டது, வருகிறேன் என்று அர்த்தம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பதில் தட்டு உண்டு. எங்கள் வீட்டுக்கு, சேர்ந்தாற்போல் இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. பதில் வந்த பிறகும் மேலே இருப்பவர் தட்டினால் அது மரியாதை இல்லை. கீழே இருப்பவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். அதற்காக இரண்டு குடும்பங்கள் ஒரு வருடம் பேசாமல் இருந்ததுண்டு.

மூன்று தட்டு என்றால் என்னவென்று அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. மற்ற எல்லாரும் மூன்று இரவுக்கு வந்து போகிறவர்கள்.

அவரை நான் தள்ளிவிடவில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். செவ்வாய் மாலை நான் சூப் வைத்துவிட்டு வந்தபோது நன்றாகத்தான் இருந்தார். உப்பு அதிகம் என்று திட்டினார். அதற்குப் பிறகு சமையலறையில் விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்ததாக உங்கள் மருத்துவர் சொல்கிறார். கைக்கு எட்டியது துடைப்பம்.

புதன் காலை எனக்கு மூன்று வீட்டுப் படுக்கைத் துணிகளைத் துவைத்து விரிக்க வேண்டியிருந்தது. பதினோரு மணிக்குப் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தேன். பதினோரு மணிக்கு, பன்னிரண்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன். சாவியை ஆணியிலிருந்து எடுத்து மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அது நாள் முழுக்க என்னோடுதான் இருந்தது. போகக்கூடாது என்று நான் ஒரு நிமிடம்கூட முடிவு செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் படியில் கால் வைக்கும்போது செப்டம்பர் நினைவுக்கு வந்தது. உடனே வேறொரு வேலையும் நினைவுக்கு வந்தது.

பகல் இரண்டு மணிக்குக் கனடாக்காரர்கள் மறுபடி வந்தார்கள். இந்தமுறை பெட்டியும் கையுமாக.

"வேற பகுதியில வீடு மாத்திக் கொடுங்க. இல்லன்னா நாங்க போலீஸைக் கூப்பிடறோம். அது குழாய் இல்ல" என்றாள் அவள்.

"நீங்க போய் மத்தி சாப்பிட்டுட்டு வாங்க. நான் சரி பண்ணி வைக்கறேன். அப்பவும் சத்தம் வந்தா பைஷாவுல நானே வீடு பாத்துத் தர்றேன்."

போனார்கள். உங்கள் பதிவில் இருப்பது அதுவரைதான். மிச்சத்தை நானே சொல்கிறேன். யாரும் கேட்காமலே சொல்கிறேன் என்பதையும் கவனியுங்கள்.

துடைப்பத்தை எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போனேன். மேலே மூன்று தட்டு. இடைவெளி. மூன்று தட்டு. கை ஓய்ந்துபோனது தெரிந்தது. மூன்றாவது தட்டு கேட்கிற மாதிரியே இல்லை. நான் நின்ற இடம் நான் பிறந்த அறை. செருப்பைக் கழற்றிவிட்டு விருந்தினர் கட்டில்மேல் ஏறினேன். கட்டையைத் தூக்கிக் கூரையில் தட்டினேன். சேர்ந்தாற்போல் இரண்டு. கொஞ்சம் விட்டு ஒன்று.

மேலே உடனே நின்றுவிட்டது.

படுக்கை விரிப்பைச் சரிசெய்துவிட்டுக் கீழே வந்தேன். கனடாக்காரர்கள் நான்கு மணிக்குத் திரும்பி வந்தார்கள். ஞாயிறு வரை அதே வீட்டில்தான் இருந்தார்கள். ஒரு சத்தமும் இல்லை. அமைதியான வீடு என்று அவளே விருந்தினர் புத்தகத்தில் எழுதினாள். பின்னால் செய்தியைப் படித்துவிட்டுத்தான் உங்களுக்கு அந்தப் பதிவை அனுப்பியிருக்கிறாள்.

சனிக்கிழமை வரை உயிர் இருந்தது என்கிறீர்கள். துடைப்பம் கையருகிலேயே கிடந்தது என்கிறீர்கள். அப்படியும் அவர் மறுபடி ஒருதடவைகூடத் தட்டவில்லை. பார்த்தீர்களா, என்மேல் அவ்வளவு நம்பிக்கை. யாருமில்லாமல் செத்தார் என்று பத்திரிகையில் போட்டிருக்கிறார்கள். அதை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். நான் வருகிறேன் என்று அவருக்குத் தெரியும்.