ஒரு வாஷர்கூட எடுத்தவன் இல்ல

...இல்லங்க, அந்த அரசு வக்கீலைத் திட்டி என்ன ஆகப்போகுது? அவர் பாட்டுக்கு சும்மா இருந்த மனுஷன். கொஞ்சம் தள்ளி உக்காருங்க, இந்த பஸ்ல சீட்டுக் கம்பி குத்துது. ஆங்... நான் பிளம்பர்ங்க. ஒரு வீட்டுல தொட்டி சரிபண்ணிட்டு வந்தேன், மறுநாள் அங்க தண்ணி மோட்டாரைக் காணோம். கடைசியா வந்துபோனவன் நான்தானே, கேஸ் என் தலையில. சத்தியமா நான் தொடலைங்க.

ஆனா பாருங்க, இருபத்திரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கட்டடத்துல பித்தளைக் குழாய் பன்னெண்டு... எடுத்தேன். எடுத்தேன்னு என்ன, திருடினேன். மூணு மாசம் உள்ள இருந்தேன். எங்க வக்கீலம்மாகிட்ட அதைச் சொன்னேன். பழசை வெச்சு இதுவும் இவன்தான்னு சொல்ல சட்டம் விடாது, பயப்படாதீங்கன்னாங்க. ஒண்ணே ஒண்ணு... "நீங்களா உங்களை யோக்கியன்னு சொல்லிக்காதீங்க. சொன்னா, பழசைக் கிளற அரசுத் தரப்புக்குக் கதவு திறந்துடும்." மூணு தரம் சொன்னாங்க. நானும் மூணு தரம் தலையாட்டினேன்.

கூண்டுல ஏறிப் பாத்தா, எதிர்ல என் சம்பந்தி. பொண்ணைக் கட்டிக்குடுத்து நாலு மாசம்தான். அவருக்குப் பழசு எதுவும் தெரியாது. கையைக் கட்டிக்கிட்டு என்னையே பாக்குறாரு. அரசு வக்கீல் கேட்டது என்ன தொழில்னு மட்டும்தாங்க. பிளம்பர்னு நிறுத்தியிருக்கலாம்ல? "பிளம்பர்ங்க. பொறந்ததுலேருந்து அடுத்தவன் வீட்டு வாஷர்கூட எடுத்தவன் இல்ல"ன்னேன். குரல் வேற கணீர்னு வந்துச்சு.

தவளை தன் வாயால கெட்டுச்சு. வக்கீலம்மா கண்ணை மூடிக்கிட்டாங்க. அரசு வக்கீல் நிதானமா ஒரு பழுப்புக் காகிதத்தை எடுத்து, பன்னெண்டு குழாயையும் அளவோட படிச்சாருங்க. அரை இஞ்சு எட்டு, முக்கால் இஞ்சு நாலு. நானே மறந்துட்டேன் அதை.

ஜட்ஜ் நல்லவரு. அன்னைக்குக் குழாய் எடுத்ததால இன்னைக்கு மோட்டார் எடுத்தான்னு ஆயிடாது, பாத்த சாட்சி ஒருத்தரும் இல்லைன்னு விட்டுட்டாரு. வெளிய வந்து பாத்தா, சம்பந்தி எனக்கு முன்னாடியே கிளம்பிப் போயிட்டாரு. அதான் பயமா இருந்துச்சு. போன வாரம் அவங்க வீட்டு சமையலறைக் குழாய் ஒழுகியிருக்கு. வேற பிளம்பரைக் கூப்பிட்டாராம். பொண்ணு சொல்லி அழுதா.

யாரைக் குத்தம் சொல்றது? சட்டமே என்னைக் காப்பாத்துறேன்னுச்சு, நான்தான் விடல. இப்பக்கூட நீங்க என்ன, கேட்டீங்களா... நானாத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்...

ஏங்க, பையை ஏன் அந்தப் பக்கம் மாத்துறீங்க? எந்திரிச்சிட்டீங்களா? பஸ் இன்னும் நிக்கவே இல்லையேங்க...