வண்டி மசகு

கடலாடி போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர். காக்கிச் சட்டைக்காரர் ராமநாதபுரத்தில் கார் ரிப்பேர் பார்ப்பவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. மற்றவர் விவசாயம் பார்க்கும் சம்சாரி.

"இடப்பக்கமே இழுக்குது தம்பி. மூக்கணாங்கயிறு இருந்தா அடக்கிப்பிடுவேன்" என்று அவர் சொன்னதும் மாட்டைப் பற்றி என்றே நினைத்தேன். சீமைக்கே திரும்பிப் போன வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் காராம்.

"எப்பவுமே இழுக்குதாண்ணே, பிரேக் போடயில மட்டுமா?"

"பிரேக் போடயிலதான். சும்மா ஓடயில ஒழுங்காத்தான் போகுது."

"டயர்ல காத்து?"

"ரெண்டு பக்கமும் சமமா இருக்கு."

"அப்ப முன்னால வலது சக்கரத்துல பிரேக் பிடிக்கல. அங்கன எதுவும் கை வச்சீகளா?"

"கிறீச் கிறீச்சுன்னு கத்துச்சு. கழட்டி உள்ள வண்டி மசகு அப்புனேன். அதுக்கப்புறம் சத்தமே இல்ல."

மெக்கானிக் அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"மாட்டுவண்டி அச்சுக்குப் போடுற மசகா? அது பிரேக்குண்ணே. உரசுனாத்தான் பிடிக்கும். இப்ப இடது மட்டும் பிடிக்குது, அதான் இழுக்குது."

"இனி இழுக்காது தம்பி. ரெண்டும் ஒண்ணுபோல இருக்கட்டும்னு காலையில இடதுக்கும் அப்பிட்டேன்."

"நேராத்தான் போகும். நிக்காது. யாரும் எடுத்துராமப் பாத்துக்கங்க."

"மச்சான் எடுத்துட்டு வாரேன்னானே."

"எந்த ரோட்டுல?"

"இதே ரோட்டுலதான். நமக்கு எதுத்தாப்புல."

இருவரும் பஸ்ஸின் முன்கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.