தெரிந்தே பார்த்த பட்டி

வண்டிக்குப் பெயின்ட் அடிப்பதில் முக்கால்வாசி வேலை தேய்ப்பதுதான். இது பலருக்குத் தெரியாது. கடைசியில் பளபளவென்று நிற்கிற டேங்கைப் பார்த்து 'அடேயப்பா' என்பார்கள். நாலு நாள் உப்புத்தாளும் தண்ணீருமாக உட்கார்ந்து தேய்த்தவனின் முதுகுவலியை யாரும் விசாரிப்பதில்லை.

இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், வண்டியைச் சோதித்த உங்கள் ஆளுக்கும் இது தெரியவில்லை. அவர் கொடுத்த அறிக்கையை இன்று காலை ஸ்டேஷனில் நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். ஹேண்டிலைத் தாங்குகிற கழுத்துக் குழாய், வண்டிச் சட்டத்தோடு சேரும் இடத்தில் முறிந்திருக்கிறது. முறிவுக்குள் பழைய துரு இருக்கிறது. துருவின்மேல் பட்டி இருக்கிறது. இதுவரைக்கும் சரி. அதற்குக் கீழேதான் அந்த வரி: 'பெயின்ட் அடித்தவர் கத்துக்குட்டி. வெடிப்பு என்று தெரியாமல், ஏதோ பள்ளம் என்று நினைத்துப் பட்டி பார்த்து மூடியிருக்கிறார்.'

நீங்கள் நல்லவர். "தெரியாம நடந்தது சார். ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க" என்றீர்கள். நானும் போட்டுவிட்டுப் போயிருப்பேன், பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். அந்தக் 'கத்துக்குட்டி' தான் தொண்டையில் முள்ளாகக் குத்தி நின்றது. அதனால்தான் வேறு தாள் கேட்டேன்.

நான் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். லென்ஸைத் தேய்த்து, அளவு பார்த்து, ஃப்ரேமில் பொருத்துவது என் வேலை. இருபது வருடமாக மயிரிழைக் கீறல்களைக் கண்டுபிடித்தே சோறு தின்கிறவன். பெயின்ட் அடிப்பது பொழுதுபோக்கு, அதை மறுக்கவில்லை. பதினொரு வருடத்துக்கு முன்னால் என் சொந்த வண்டியில் ஆரம்பித்தேன். முதல் தடவை டேங்க் முழுக்க மெழுகுவர்த்தி மாதிரி வடிந்து நின்றது. இரண்டாம் தடவை தோல் உரிந்தது. நாலாம் தடவையிலிருந்து தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டதில்லை.

பட்டி என்பது குழைத்த மாவு மாதிரி இருக்கும். தகட்டில் விழுந்த பள்ளத்தில் அப்பி, காய்ந்ததும் தேய்த்துச் சமமாக்கினால், அங்கே பள்ளம் இருந்த சுவடே தெரியாது. தகட்டுக்குத்தான் பட்டி. பாரம் தாங்குகிற இரும்புக்குப் பட்டி பார்க்கக் கூடாது, அதற்கு வெல்டிங் வைக்க வேண்டும். இது எனக்குப் பதினொரு வருடமாகத் தெரியும்.

இறந்துபோனவர் என் தங்கையின் புருஷன். 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டே பழக்கம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் ஃபில்டர் பழுது பார்ப்பவர். நாள் முழுக்க வண்டியிலேயே இருப்பார். குணத்தில் குறை சொல்ல முடியாது, குடி கிடையாது, அதட்டிப் பேச மாட்டார். ஆனாலும் அந்த ஆளை நான் வெறுத்தேன். காலையில் பல் துலக்கும்போது தொடங்கி, படுக்கப் போகும்வரைக்கும் வெறுத்தேன். அதை மறைத்து எழுதினால் மற்றது உங்களுக்குப் புரியாது.

தங்கை எனக்கு ஏழு வருடம் இளையவள். எங்கள் இருவரைத் தவிர எங்களுக்கு யாரும் கிடையாது. நான் உப்புத்தாளோடு உட்கார்ந்துவிட்டால், "அண்ணா, உன்னை விட்டா என்னையும் தேய்ச்சு ரெண்டு கோட் அடிச்சு வெயில்ல காயப் போட்டுருவே" என்பாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இளைப்பு உண்டு. வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை வரும், பம்பை வாயில் வைத்து அடித்தால் அடங்கிவிடும்.

போன வருடம் அவள்தான் ஆரம்பித்தாள். "அவர் வண்டி சாயம் போயி, அழுக்குத் துணி மாதிரி இருக்கு. நீயே அடிச்சுக் குடேன். மயில் நீலத்துல." என் வீடு மாடி, எப்போதும் காற்று. ஈரப் பெயின்ட்டுக்குக் காற்று ஆகாது. அதனால் அவள் வீட்டு உள்ளறையைக் காலி பண்ணிக் கொடுத்தார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை தேய்த்தேன். மூன்றாம் ஞாயிறு, டேங்கையும் மட்கார்டையும் கம்பியில் தொங்கவிட்டுக் கலர் அடித்தேன். கடைசிக் கோட் முடியும்போது மணி ஐந்து. என் ஆயுசில் அப்படி ஒரு நீலம் விழுந்ததில்லை.

ஐந்தேகாலுக்குத் தங்கைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. பம்புக்கு அடங்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு மாப்பிள்ளை வண்டியில் போனால் ஏழு நிமிடம். என் வண்டி அன்றைக்குச் சர்வீஸில் கிடந்தது. டேங்கை மாட்டுவது பெரிய காரியம் இல்லை, இரண்டு போல்ட், ஒரு பெட்ரோல் குழாய். மாப்பிள்ளை அறை வாசலில் வந்து நின்று, தொங்குகிற டேங்கைப் பார்த்தார். பிறகு கார் பிடிக்கத் தெருவுக்கு ஓடினார். கார் கிடைத்து வந்து சேர இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. என் தங்கை பாதி வழியில் போய்விட்டாள்.

பெண்டாட்டி மூச்சுக்குத் தவிக்கிறாள், அந்த ஆள் பெயின்ட்டைப் பார்க்கிறார். இதுதான் என் வழக்கு.

"டேங்க மாட்டிரலாமா மச்சான்?" என்று அவர் ஒரு வார்த்தை கேட்டது உண்மைதான். கேட்கவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். "இப்பத்தான் கடைசிக் கோட் போட்டிருக்கேன், விரல் பட்டா அப்படியே பேந்து வந்துரும்" என்றேன். அது பெயின்ட்டின் நிலைமை. கேட்டதற்குப் பதில் சொன்னேன். என்னைத் தள்ளிவிட்டு டேங்கைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்க வேண்டியது புருஷனுடைய பொறுப்பு.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவரோடு நான் நன்றாகவே பழகினேன். வாரத்தில் இரண்டு நாள் போய்ப் பார்ப்பேன். தங்கையின் மகளுக்கு ஒன்பது வயது, அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பேன். மூன்றாம் மாதம் ஒருநாள் நான் உள்ளே நுழையும்போது மாப்பிள்ளை போனில் யாரோடோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். வாய்விட்டுச் சிரித்தார். என்னைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார். மூன்று மாதத்தில் ஒரு மனிதனுக்குச் சிரிப்பு வரலாம், நியாயம்தான். ஆனால் அந்தச் சிரிப்பு என் காதைவிட்டுப் போகவில்லை.

அடுத்த மாதம் அவரே என் வீடு தேடி வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க மச்சான். காலைல வண்டிய எடுக்கறப்பல்லாம் அந்தக் கலரு... முடியல. வேற ஏதாச்சும் அடிச்சுத் தர்றீங்களா?"

என் தங்கை கடைசியாகக் கேட்ட கலர் அது. அதைச் சுரண்டி எடுக்க என்னையே கூப்பிடுகிறார். "அதுக்கென்ன மாப்பிள்ளை, கருப்பு அடிச்சிருவோம்" என்றேன்.

இந்தத் தடவை என் வீட்டில் வைத்து அடித்தேன். சட்டத்துக்கும் சேர்த்துப் புதுக் கருப்பு அடிப்பதாகச் சொல்லி, எல்லாவற்றையும் கழற்றினேன். அப்போது எனக்கு எந்தத் திட்டமும் இல்லை, நம்புங்கள். கழுத்துக் குழாய் ஓரத்தைத் தேய்க்கும்போது, பழைய கருப்புக்குக் கீழே பென்சில் கோடு மாதிரி துரு தெரிந்தது. ஈரத் துணியால் துடைத்தேன். காய்ந்த பிறகும் கோட்டில் மட்டும் ஈரம் நின்றது. அப்படி நின்றால் அது கீறல் இல்லை, வெடிப்பு. கையில் லென்ஸ் இருந்தது, வைத்துப் பார்த்தேன். குழாயைச் சுற்றி மூன்றில் ஒரு பங்கு ஓடியிருந்தது. இதைத்தான் உங்கள் ஆள் 'பள்ளம்' என்கிறார்.

எங்கள் தெரு முனையிலேயே வெல்டிங் பட்டறை இருக்கிறது. அரை மணி நேர வேலை. நான் மூன்று நாள் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெடிப்பை நான் உண்டாக்கவில்லை. அறுக்கவில்லை, ராவவில்லை. அது தானாக வந்தது, மாப்பிள்ளையே குண்டும் குழியுமாக ஓட்டிச் சம்பாதித்தது. நான் செய்யக்கூடியது இரண்டுதான். சொல்லலாம், சொல்லாமல் இருக்கலாம். நாலாம் நாள் பட்டியைக் குழைத்தேன்.

நல்ல வேலை அது, சார். பல்குத்தும் குச்சியின் நுனியால் உள்ளே தள்ளி, மூன்று தடவையாக நிரப்பினேன். தேய்த்துத் தேய்த்து, வெல்டிங்கின் மேடு பள்ளம் பழையபடியே இருக்கும்படி கொண்டு வந்தேன். வழவழவென்று விட்டிருந்தால் மெக்கானிக் கண்ணுக்குத் தெரிந்துவிடும். கத்துக்குட்டி வழவழவென்றுதான் விடுவான். பிரைமர் ஒன்று, கருப்பு நாலு கோட். வண்டி முறியும்வரைக்கும் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. இதை உங்கள் ஆளிடம் சொல்லுங்கள்.

வண்டியை வாங்கிக்கொண்டு மாப்பிள்ளை என் கையைப் பிடித்து அழுதார். நானும் முதுகில் தட்டிக் கொடுத்தேன்.

ஒரு சிக்கல் இருந்தது. தினமும் காலையில் அவர்தான் மகளைப் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் விடுவார். அவள் என் தங்கையின் சாடை, நடக்கும்போது வலது கால் கொஞ்சம் உள்ளே திரும்பும். அவளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது. "நான் போற வழிதானே மாப்பிள்ளை, இனிமே நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன். போகிற வழி இல்லை, இருபது நிமிடச் சுற்று. ஐந்து வாரம் ஒருநாள் தவறாமல் சுற்றினேன். சாயந்தரமும் நானே அழைத்து வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை என் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். "உங்களுக்கு எவ்ளோ பெரிய மனசு மச்சான்" என்பார். நான் கெட்டவனாக இருந்தால் அந்தப் பிள்ளையைப் பற்றி யோசித்திருப்பேனா?

ஐந்தாம் வாரம் அவர் ஒன்று சொன்னார். "ஹேண்டில் ஒரு பக்கமா இழுக்குது மச்சான். என்னன்னு பாக்கறீங்களா?"

உட்கார்ந்து பார்த்தேன். குழாய் ஓரத்தில் கருப்பு பெயின்ட் முடி அளவு விரிந்திருந்தது. அதன்மேல் கட்டைவிரலை வைத்தபடியே, "முன் டயர்ல காத்து கம்மி, அவ்வளவுதான்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே காற்று அடிக்கப் போனார். அன்றைக்குக்கூட நான் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. மனசு அவ்வளவு லேசாக இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு, மேம்பாலத்து இறக்கத்தில் ஹேண்டில் கையோடு கழன்று வந்ததாகப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பின்னால் லாரி. எனக்குப் போன் வந்தபோது ஒரு வயதானவருக்குக் கண்ணாடி மாட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஆகவே, வெடிப்பு என்று தெரிந்து, அது முறியும் என்று தெரிந்து, அவர் சாகவேண்டும் என்று நினைத்துத்தான் நான் பட்டி பார்த்தேன். இதைவிடத் தெளிவாக எனக்கு எழுதத் தெரியாது.

இன்னொன்று. மத்தியானம் நீங்கள் ஒன்று கேட்டீர்கள், ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை உள்ளறை ஜன்னல் பற்றிக் குழந்தை அவள் அத்தையிடம், அதாவது மாப்பிள்ளையின் அக்காவிடம், ஏதோ சொன்னதாகக் கேட்டீர்கள். இவ்வளவு எழுதியபிறகு அதை மட்டும் மறைப்பது அழகில்லை.

ஒரே ஒரு ஜன்னல்தான். வெளியே மண் தெரு. ஈரப் பெயின்ட்டில் தூசி விழுந்தால் இரண்டு வார உழைப்பு வீண், அதனால் சாத்தித்தான் வைத்திருந்தேன். அறைக்கும் கூடத்துக்கும் நடுவே கதவு கிடையாது, வெறும் திரை. மத்தியானத்திலிருந்தே தங்கை கூடத்தில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். "நெடி தாங்கல மச்சான், அவளுக்கு ஆகாது" என்று சொல்லி மாப்பிள்ளை வந்து ஜன்னலைத் திறந்தார். நான் எழுந்து போய்ச் சாத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திறந்தார். மறுபடி சாத்தினேன், கொக்கியும் போட்டேன். மூன்றாம் தடவை அவர் திறக்க வரவில்லை. பெண்டாட்டிமேல் உண்மையிலேயே பாசம் இருக்கிற ஒருவன், இரண்டு தடவையோடு விட்டுவிடுவானா, நீங்களே சொல்லுங்கள்.