நாற்காலி சாமி

இல்ல சார், உங்க மேல எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. நீங்க மாப்ள வூட்டுக்காரரு, ஊருக்குப் புதுசு, யாரு என்னா சொன்னாலும் நம்பித்தான் ஆவணும். தோ, அந்தப் பாயசத்தாண்ட பட்டுச் சட்ட போட்டுக்கினு நிக்கறாரே, பொண்ணுக்கு அப்பா, எங்க மாமா கோதண்டராமன்... அவருதான உங்களாண்ட சொன்னாரு? மாலையோட ஒக்காந்து சாப்புடறானே எம் மச்சான் மாறன், அவன நம்பி ஓட்டலுக்குப் போயி நான் சாவக் கெடந்தேன்னு? சொல்லியிருப்பாரு. அந்த மாறன் நாந்தான். யாரு கெடைச்சாலும் சொல்லுவாரு. அந்தக் கதைய நான் ரொம்ப வருசமா சந்தேகப்பட்டுக்கினு இருக்கேன் சார். நம்பலன்னும் சொல்ல முடியல. பாதி நம்புவேன், பாதி நம்ப மாட்டேன். படுத்தா தூக்கம் வராது. மாறா, நெசமாவே உன் தப்புதானோ, அந்த மனுசன நீதான் கெடுத்தியோன்னு உள்ள ஒண்ணு கொடைஞ்சிக்கினே இருக்கும்.

ஒக்காருங்க சார், அந்த எடத்துக்கு யாரும் வரல. தட்டுல என்னா, வட எடுக்கலியா? எடுத்துக்கு... இல்ல, நான் சொல்லல. இனிமே யாரையும் எடுத்துக்குங்கன்னு சொல்றதில்லன்னு வெச்சிருக்கேன். நீங்களா எடுத்தா எடுங்க, இல்லாட்டி வுடுங்க. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா நான் பொறுப்பு இல்ல.

எங்க வுட்டேன்... ஆங், மாமா. அவருக்குக் கீழ்பென்னாத்தூர்ல மல்லாட்ட மண்டி, நீங்க வேர்க்கடலைம்பீங்க. எங்க அக்கா ஜோதியம்மாவ அவருக்குக் குடுத்தப்பவே இருக்குது. நல்ல மனுசன் சார், அதச் சொல்லிடணும். ஆனா அவருக்கு ஒலகத்துல எல்லாமே மூட்டதான். மூட்ட ரொம்பிடுச்சுன்னு ஆளுங்க சொல்வாங்க. இவரு ஒத்துக்க மாட்டாரு. ரெண்டு காதயும் புடிச்சுத் தூக்கி தரையில ரெண்டு குத்து குத்துவாரு. மல்லாட்ட கீழ எறங்கும், மேல எடம் வரும். பாத்தியாம்பாரு. ரொம்புன மூட்டன்னு ஒண்ணு கெடையாது மச்சான், குலுக்காத மூட்டதான் இருக்குதும்பாரு. அத ஞாபகத்துல வெச்சுக்குங்க, பின்னாடி வரும்.

எனக்கு வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீசுக்கு மாத்தலாயி, கூடவே பதவி ஒசந்துது. விருந்து வெய்யி விருந்து வெய்யின்னு மாமா போன் மேல போன். அந்த நேரம் பாத்து கிரிவலப் பாதையில, ஈசான்ய லிங்கத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு ஓட்டல் தொறந்தான். எவ்ளோ வேணா சாப்புடலாம், அளவே கெடையாது, தட்டுல மிச்சம் மட்டும் வெக்கக் கூடாது. இப்ப அது இல்ல, டைல்ஸ் கடையாயிடுச்சு. சரி, அங்கயே வெச்சுக்கலாம்னேன். அளவே கெடையாதான்னு மாமா திருப்பித் திருப்பிக் கேட்டாரு. ஒரு பொருள அளவு இல்லாம குடுக்கறானா, ஏமாந்தவனா இருப்பான் போலன்னு அவருக்கு ஒரு பூரிப்பு. மண்டிக்காரரு இல்ல?

அப்பறம் ஒரு யோசன சொன்னாரு பாருங்க. ஓட்டலுக்குப் போற அன்னிக்குப் பௌர்ணமி வரட்டும். முந்தின ராத்திரியே வாயக் கட்டிடறேன். விடிகாலைல கெளம்பி வெறும் வயித்தோட மலையச் சுத்தறேன். மலையச் சுத்துன புண்ணியமும் ஆச்சு, நல்லாப் பசிச்ச மாரியும் ஆச்சு, நேரா ஓட்டல்ல வந்து எறங்கறேன்னாரு. சாமிக்கும் ஓட்டலுக்கும் ஒரே நடையில கணக்க முடிக்கறாரேன்னு நான் ஆச்சரியப்பட்டேன். தப்புன்னு தோணல. இப்பவும் தோணல சார், அதான் எங்கிட்ட இருக்கற கோளாறே.

மத்தியானம் ஓட்டல் வாசல்ல நிக்கறேன். வந்தாரு. மலைய முழுசா சுத்தி, அதுவும் வெறும் வயித்துல, மனுசன் எப்படி வரணும்? தொவண்டு போயி வரணுமா இல்லியா? இவரு மூஞ்சில அப்படி ஒரு தெளிவு. நெத்தி நெறைய விபூதி, கண்ணுல ஒரு பளபளப்பு. கால்தான் வலிக்குதாம். விரதம் இருந்தா இப்படி ஒரு கள வரும் போலன்னு நெனச்சேன். அங்கதான் சார் எனக்கு மொத சந்தேகம் வந்திருக்கணும். வந்துது. நாந்தான் சீச்சீன்னு தள்ளிட்டேன்.

உள்ள போனோம். நல்லா கை வெச்ச மர நாற்காலி, ராசா மாரி ஒக்காந்தாரு. சப்பாத்தில ஆரம்பிச்சாரு. பிரியாணி, பூரி, சாம்பார் சோறு, வெத்தக்கொழம்பு, தயிர் சோறு... ஆனா எனக்கு வித்தியாசமா பட்டுது. பசிச்சவன் வேகமா சாப்புடுவான். இவரு பாரம் ஏத்தற மாரி சாப்புடறாரு. நிதானம். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மூச்சு. நடுவுல நான், மச்சான்னு ஒருத்தன் எதுக்கு இருக்கான், ஒபசரிக்கணும் இல்ல? இன்னும் கொஞ்சம் வெச்சுக்குங்க மாமான்னேன். சொன்னேன் சார், இல்லன்னு சொல்லல. எல்லா மச்சானும் சொல்றதுதான். வாயி தானா சொல்லும். வாணாம்னு அவரு சொல்லணும், அதுவும் தானா வரணும். அவருக்கு வரல.

திடீர்னு எழுந்து கை கழுவற எடத்துக்குப் போனாரு. முடிச்சிட்டாருன்னு நெனச்சேன். எட்டிப் பாத்தா, மனுசன் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கினு, வாஷ்பேசின ரெண்டு கையால புடிச்சுக்கினு குதிக்கறாரு. தங்கு தங்குன்னு. பக்கத்துல ஒரு அம்மா கொழந்தைக்கு மூஞ்சி கழுவறாங்க, அந்தக் கொழந்த இவரப் பாத்து அதுவும் குதிக்குது. என்னா மாமான்னேன். எறங்குதுன்னாரு. அவ்ளோதான். திரும்பி வந்து புதுத் தட்டு எடுத்தாரு.

அதுக்கப்பறம் குலோப்ஜாமுன். அது வேற கத, வுடுங்க.

எழுந்திருக்கப் பாத்தாரு, நாற்காலியும் கூடவே எழுந்துது. ஒக்காந்தப்ப சரியா இருந்த நாற்காலி சார்! ரெண்டு கைக்கும் நடுவுல மனுசன் ஆப்பு மாரி எறங்கிட்டாரு. சப்ளையருங்க நாற்காலிய இழுக்கறாங்க, நான் மாமாவ இழுக்கறேன், வரல. வயித்த அமுக்காதீங்கன்னு கண்ணாலயே கெஞ்சறாரு. பேச்சு வரல. வேர்த்துக் கொட்டுது. ஓட்டல் மேனேஜரு பாவம், நல்ல ஆளு, டாக்டராண்ட தூக்கிக்கினு போயிடலாம்னாரு. பௌர்ணமி, ரோட்டுல ஒரு வண்டி போவாது. நாலு சப்ளையருங்க நாற்காலியோட தோள்ல தூக்கிட்டாங்க.

அப்பறம் நடந்தது என் தப்பா சொல்லுங்க. வெளிய கூட்டம்னா கூட்டம். திருவண்ணாமலைல, பௌர்ணமி அன்னிக்கு, நெத்தி நெறைய விபூதியோட, பாதி கண்ண மூடிக்கினு, வாயத் தொறக்காம ஒருத்தர நாற்காலில வெச்சுத் தூக்கிக்கினு வந்தா ஜனம் என்னா நெனைக்கும்? மௌன சாமின்னுடுச்சு. குலுக்காதீங்கடான்னு மாமா கையத் தூக்கிக் காட்டறாரு, ஆசீர்வாதம்னு எல்லாரும் கீழ வுழறாங்க. ஒரு வெள்ளக்காரம்மா நடு ரோட்டுல சம்மணம் போட்டு ஒக்காந்துட்டாங்க, நாங்க சுத்திக்கினு போனோம். யாரோ மால போட்டாங்க. ஒரு பாட்டிம்மா ஒரு வாழப்பழத்த உரிச்சு அவரு வாயிலயே வெச்சுட்டாங்க. நான் வாணாம்மா வாணாம்மான்னு கத்தறேன். மாமா கண்ணத் தொறந்து பாத்தாரு, அந்த அம்மாவக் கும்புட்டாரு, பழத்த சாப்ட்டாரு. அந்த நெலமையில சார்! அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். புரியல.

டாக்டரு ஊசி போட்டாரு, தச்சரு வந்து நாற்காலி கைய அறுத்தாரு. உசுருக்கு ஒண்ணும் இல்ல. ஆனா எவனோ போன்ல படம் புடிச்சு, அது மாமா ஊட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கீழ்பென்னாத்தூருக்குப் போயிடுச்சு. மண்டில மூட்ட தூக்கறவங்கல்லாம் நாற்காலி சாமி வராருன்னு எழுந்து நிக்க ஆரம்பிச்சாங்க. செங்கத்துலருந்து ஒரு குடும்பம் வந்து, பொண்ணுக்கு எப்ப கல்யாணம் ஆவும் சாமின்னு மல்லாட்டக் குவியல் மேல ஒக்காந்துக்கினு அழுதுது. மனுசனுக்கு மானம் போச்சு. யாரயாவது திட்டணும் இல்ல? ஓட்டல்காரன் அளவு வெக்கல, அதனால பாதி தப்பு அவன்து. கூட்டிக்கினு போயி இன்னும் இன்னும்னு சொன்னது மாறன், மீதித் தப்பு அவன்துன்னு பிரிச்சுட்டாரு. உங்க பங்கு எங்க மாமான்னு எங்க அக்கா கேட்டுதாம். மூட்ட கிழிஞ்சா மூட்டையவா கேப்பாங்க, ரொப்புனவனத்தான கேப்பாங்கன்னாராம்.

அதுலருந்து எங்க வூட்ல தண்ணி குடிக்கறதில்ல அவரு. அக்கா மட்டும் பொங்கலுக்கு வந்து எட்டிப் பாத்துட்டுப் போவும். நானும் போவட்டும்னு இருந்துட்டேன். ஆனா தோ, அறிவுமதி கல்யாணம் வந்துது. நான் தாய்மாமன் சார். மடியில போட்டுக் காது குத்துன பொண்ணு. சீர்த் தட்டு நான் தூக்கணும், மொத மால நான் போடணும். மாமா சொல்லி வுட்டாரு: மேடையில, ஒறவு முன்னாடி, தப்பு என்னுது, நாந்தான் பொறுப்புன்னு மாறன் சொல்லட்டும். சொன்னா சீரு. இல்லன்னா பங்காளில எவனாவது ஒருத்தன் மாமன் மொறைக்கு நிக்கட்டும்னு.

எங்க வூட்டம்மா காசியம்மா, சொல்லித் தொலைய்யா, வாயி தேஞ்சா பூடும்னுது. அக்கா போன்ல அழுதுது. நானும் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். இன்னும் கொஞ்சம் மாமான்னு சொன்னது இந்த வாயிதான?

போன பௌர்ணமிக்குப் பத்திரிகைய சாமி கால்ல வெச்சுட்டு எல்லாரும் மலையச் சுத்தலாம்னு கெளம்பனோம். மாமாவும் வந்தாரு. எங்கூடப் பேசல, ஆனா எனக்கு முன்னாடிதான் நடக்கறாரு. வெறும் வயித்தோட சுத்தறேன்னு கெளம்பறப்பவே எல்லாராண்டயும் சொல்லிட்டாரு. அக்னி லிங்கத்தாண்ட சுண்டல் குடுத்தாங்க. கண்ணுல ஒத்திக்கினு சாப்ட்டாரு. கொஞ்சம் தள்ளி சக்கரப் பொங்கல். ரெண்டு கையும் ஏந்தி வாங்கினாரு. புளியோதர, கேசரி, நீர்மோரு... அடி அண்ணாமலைல சுடச்சுட சாம்பார் சோறு, அதுக்கு வரிசையில நின்னு வாங்கிட்டு, திரும்பவும் வரிசையோட கடைசில போயி நின்னாரு. பக்தியோட சார், ஒவ்வொண்ணுக்கும் அரோகரா. ஈசான்யம் வந்து போனப் போட்டு, நடக்க முடியாம வூட்லயே தங்கிட்ட அக்காவாண்ட சொல்றாரு, காலைலருந்து பல்லுல பச்சத் தண்ணி படலன்னு.

நான் மனு வாங்கற சீட்டுல ஒக்காந்த ஆளு. பொய் சொல்ற மூஞ்சி எனக்குத் தெரியும். அது பொய் சொல்ற மூஞ்சி இல்ல. அதான் எனக்குத் தல சுத்துச்சு. மெதுவா கிட்டப் போயி, மாமா, அந்தப் பொங்கலுன்னேன். பேசாத மனுசன் அன்னிக்குப் பேசிட்டாரு, அவ்ளோ அதிர்ச்சி.

'மச்சான், அது பிரசாதம்டா. பிரசாதத்தப் போயி எவனாவது சாப்பாடும்பானா?'

சாமி பேர்ல நீட்டுனா வாணாம்னு சொல்லக் கூடாதாம், அது சோத்துக் கணக்குல வராதாம், அவங்க அப்பா காலத்துலருந்தே அப்படித்தானாம். அப்ப ஓட்டலுக்கு வந்த அன்னிக்கு...? ஆமா, அன்னிக்கும் வெறும் வயிறுதான்னாரு. சத்தியமா நம்பறாரு சார்! அவரு சொல்றதும் நாயம் மாரிதான் இருந்துது. நானே அன்னிக்கு ரெண்டு தொன்ன பொங்கல் சாப்ட்டுட்டு, ஒண்ணும் சாப்புடலன்னு காசியம்மாவாண்ட சொல்லியிருக்கேன். யாரு யார கேக்கறது? கல்யாணம் வரைக்கும் இதே யோசன. ஆபீசுல மனுவ தலகீழா புடிச்சுப் படிச்சேன்.

எங்க சார் எழுந்துட்டீங்க? கை கழுவவா? போலாம் சார், இருங்க, முடிஞ்சுது...

இன்னிக்குக் காலைல மேட. தட்டு என் கையில. அறிவுமதி மணையில ஒக்காந்து என்னயே பாக்குது. மேளக்காரரு நிறுத்திட்டாரு. மாமா முன்னாடி வந்து, சொல்லு மச்சான், யாரு பொறுப்புன்னாரு. நாந்தான்னு சொல்ல வாயத் தொறந்தேன். அறிவுமதி தலைய ஆட்டுது, சொல்லாத மாமான்னு. அந்தப் பொண்ணு தலைய ஆட்டலன்னா நான் சொல்லியிருப்பேன் சார், கோழ நானு.

கை ஈரத்தோட நிக்காதீங்க, ஒரே நிமிசம். தோ, அவரே வராரு பாருங்க. கையில ரெண்டு டம்ளரு பாயசம். ஒண்ணு எனக்கு. எத்தினி வருசத்துக்கு அப்பறம்... வரட்டும், வரட்டும். அவரு வர்றதுக்குள்ள சொல்லிடறேன். சத்தமாக் கூட கேக்கல சார். அவரு காதாண்டதான் கேட்டேன், ஆனா மைக்கு பக்கத்துல இருந்துது.

'மாமா, பிரசாதம் சாப்பாட்டுல சேராது, ஒத்துக்கறேன். அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அண்ணாமலையாருக்கும் தெரியும். அத அன்னிக்கு உங்க வயித்தாண்ட யாரு மாமா போயி சொன்னது?'