சாய்ந்த தலை ரேசர் வாங்குகிறவர்களுக்கு

கழுத்து முடி சுருண்டு வளர்கிறவர்கள் ஐந்து பிளேடு வைத்த ரேசரைத் தூக்கிப் போட்டுவிடலாம். நான் போட்டுவிட்டேன். இப்போது என் கழுத்தில் ஒரு கொப்புளம்கூடக் கிடையாது. செனாய் தொழிற்சாலையில் என்னோடு தரக்கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் என்ன ரேசர் என்று கேட்கிறார்கள். மனைவியைப் பறிகொடுத்தவன் இவ்வளவு பளிச்சென்று இருக்கிறானே என்றும் நினைப்பார்கள். அதை யாரும் கேட்கவில்லை. ரேசரைப் பற்றிக் கேட்டால் எனக்கும் சொல்லப் பிடிக்கும்.

நான் வாங்கியது ஸ்லாண்ட். சாதாரண சேஃப்டி ரேசரில் பிளேடு நேராக நிற்கும். இதில் ஒரு பக்கம் தாழ்ந்து, லேசாக முறுக்கிக்கொண்டு நிற்கும். தக்காளியில் கத்தியை நேராக அமுக்கினால் நசுங்குகிறது. சாய்த்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. அவ்வளவுதான் விஷயம். ஜெர்மன்காரன் செய்தது உத்தமம், விலைதான் நமக்கு எட்டாது. சீனத்து உருப்படிகளில் நல்லதும் உண்டு. பிளேடை மாட்டி மேலிருந்து பாருங்கள். இரண்டு விளிம்பும் ஒரே அளவுக்கு வெளியே தெரிந்தால் வாங்கலாம். ஒரு பக்கம் அதிகமாகத் தெரிந்தால் அந்தப் பக்கம் ரத்தம் பார்க்கும்.

வாங்கும் முன்பு, என் மனைவி ஷர்மினி கைப்பேசியில் இதன் படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"என்னங்க இது, செங்கெட்டா, ஒரு பக்கமா சாஞ்சு இருக்கு? யாரோ கீழ போட்டு மிதிச்ச மாதிரி."

"அதோட டிசைனே அப்படித்தான்."

"அலாமாக். கோணலா இருக்கறதுக்குத் தனியா காசா? நேரா இருக்கறதே ஆஃபர்ல கிடைக்குது லா."

அவள் இருந்தவரை எங்கள் தம்போய் வீட்டில் இப்படித்தான் பேச்சு ஓடும். எனக்குப் பிடித்திருந்தது. எங்களுக்குள் சண்டை என்று ஒன்று இருந்ததில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன்.

இருந்தது ஒரே ஒரு சிறு தொந்தரவு. எல்லாவற்றுக்கும் "ஏங்க" என்று கூப்பிடுவாள். சுவரில் பல்லி என்றாலும் ஏங்க, ஷாம்பு தீர்ந்தாலும் ஏங்க, எதிர்வீட்டுக்காரர் புதுக் கார் எடுத்தாலும் ஏங்க. எங்கள் தொழிற்சாலையில் எச்சரிக்கை விளக்குகளுக்குத் தரம் உண்டு. மஞ்சள் எரிந்தால் முடிந்தபோது போகலாம். சிவப்பு எரிந்தால் ஓட வேண்டும். எல்லாவற்றுக்கும் சிவப்பு எரிந்தால் கடைசியில் யாருமே எழுந்திருக்க மாட்டார்கள். ஆகவே ஓர் ஏற்பாடு செய்தேன்.

"சும்மா கூப்பிடறதுக்கு 'ஏங்க' போதும், முடிஞ்சப்ப வரேன். நெசமாவே அவசரம்னா என் பேரச் சொல்லிக் கூப்பிடு. அந்த நிமிஷமே வந்து நிப்பேன்."

"பேரா? ஐயோ, நான் சொல்ல மாட்டேன் லா. எங்கம்மா அப்பாவப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. பாருங்க, சின்ன வயசுலயே போய்ட்டாரு."

"உங்கப்பா லாரி மோதித்தானே போனாரு?"

"அந்த லாரி ஏன் அவரத் தேடி வந்துச்சு?"

டிப்ளோமா படித்தவள், பல் மருத்துவர் கிளினிக்கில் கணக்கு பார்ப்பவள். ஆனால் கணவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்பதில் பெக்கோக்கில் இருக்கும் அவள் அம்மாவைவிட உறுதி. அரசாங்க அலுவலகக் கவுண்டரில் கணவர் பெயர் கேட்டால் என் பக்கம் திரும்பி, "உங்களத்தான் கேக்கறாங்க" என்பாள். அவள் கைப்பேசியில் என் எண் 'அவங்க' என்றுதான் இருந்தது. இருந்தும் ஏற்பாட்டுக்குத் தலையாட்டினாள். சிரித்துக்கொண்டே ஆட்டினாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று சனிக்கிழமை காலை. நான் கூடத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் ரேசர் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டைக் கூடையில் போட்டிருந்தேன். ஒன்றுக்குத் தலைப் பூச்சு நன்றாக இருந்தது, இன்னொன்றுக்குக் கைப்பிடி. வாங்கிய ஒருவர் போட்ட படத்தில் பிளேடு ஒரு பக்கம் தூக்கலாகத் தெரிந்தது. அது ரேசரின் குறையா, படம் எடுத்த கோணமா என்று பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் பின்கட்டுக் குளியலறையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கறை போகவில்லை என்று இரண்டு திரவங்களைச் சேர்த்து ஊற்றியிருக்கிறாள். அதைச் செய்யக் கூடாது, மூச்சை அடைக்கும் புகை கிளம்பும். அதுவும் ஆஸ்துமா உள்ளவர்கள் செய்யவே கூடாது. இன்ஹேலர் கூடத்து மேசையில், என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. எதையும் மறைக்க வேண்டாம் என்றுதான் இதையும் சொல்கிறேன்.

"ஏங்க" என்றாள். இருமினாள். மறுபடி "ஏங்க" என்றாள், குரல் கொஞ்சம் குறுகி. பெயரைச் சொல்லவில்லை. ஆகவே நான் எழவில்லை. ஒருமுறை விட்டுக்கொடுத்தால் ஏற்பாடு ஏற்பாடாக இருக்காது. பிறகு சத்தம் நின்றுவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது வாளிப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்துமா என்றார்கள். போலீஸ்காரர் மரியாதையாகத்தான் கேட்டார். ஃபேன் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்றேன். அவரும் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

துக்கத்துக்கு வாசலில் கூடாரம் போட்டிருந்தபோது பார்சல் வந்தது. பாவம், அந்த மலாய்க்காரப் பையன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் தயங்கி நின்றான். அவளுடைய தம்பி செல்வாதான் வாங்கிக்கொண்டு வந்தான்.

"மாமா, இது சடங்குச் சாமானா?"

"ரேசர்டா."

"பதினாறு முடியற வரைக்கும் தொடக்கூடாது, தெரியும்ல?"

தெரியும். துக்கத் தாடி என்று ஒன்று இருக்கிறதே. நான் அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தேன். ஆனால் அதுவும் நல்லதற்குத்தான். ஸ்லாண்டுக்கு அடர்ந்த தாடியைப்போல நல்ல பரீட்சை வேறில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் காலை, குளியலறை வாசலில் சாய்ந்து நின்று செல்வா நான் சவரம் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான். தம்போயில் டயர் கடையில் வேலை செய்கிறவன்.

"ஒரு வெட்டுக்கூட இல்ல, மாமா. அலைன்மென்ட் செம."

"இதோட அலைன்மென்டே போனதுதான்டா. அதான் விசேஷம்."

"அப்ப எங்க கடைக்கு எடுத்துட்டு வந்துடாதீங்க. எங்க பாஸ் நேராக்கிட்டு பில்லு போட்டுடுவாரு."

இருவரும் சிரித்தோம். அந்த வீட்டில் பல நாள் கழித்துக் கேட்ட சிரிப்பு. அது அடங்கும் முன்பே அவன் கேட்டான்:

"அக்கா உங்களக் கூப்பிடவே இல்லையா, மாமா?"

இந்தக் கேள்வியை அவன் பதினாறு நாளும் வாயில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறான் என்று தெரிந்தது. ஃபேன் கதையை அவனிடம் சொல்ல மனம் வரவில்லை. நுரையை வழித்துவிட்டு, கூப்பிட்டாள் என்றேன். எங்கள் ஏற்பாட்டை விளக்கினேன். 'ஏங்க' என்று மட்டும் கூப்பிட்டாள், பெயரைச் சொல்லவில்லை, அதனால் சும்மா கூப்பிடுகிறாள் என்று இருந்துவிட்டேன் என்றேன்.

அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். சோப்பு நுரை அவன் தோளெல்லாம் ஆகிவிட்டது.

"அவ சொல்ல மாட்டா, மாமா. உயிர் போனாலும் சொல்ல மாட்டா. உங்களுக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாதுன்னு."

அன்றே பெக்கோக்கிற்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னான். அவர் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். கடைசி மூச்சிலும் புருஷன் பெயரைச் சொல்லாமல் அவன் ஆயுளைக் காத்த பெண் என்று கோயிலில் பேசிக்கொள்கிறார்களாம். பெற்றவளுக்கு அதனால் இரண்டு வேளை சோறு இறங்குகிறது. செல்வாவும் தெளிந்துவிட்டான், போன வாரம் அவனுக்கும் ஒரு ஸ்லாண்ட் வாங்கிக் கொடுத்தேன். அமுக்காதே, தலையின் எடையே போதும் என்று சொல்லிக் கொடுத்தேன். எல்லோரும் நன்றாக இருக்கிறோம்.

இதைக் கலைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் என் பேச்சை நம்பி ஒரு பொருளை வாங்கப்போகிறவர்களிடம் ஒன்றை மட்டும் விட்டுவிட்டுச் சொல்வது முறையல்ல.

அன்று நான் கடைசியில் தலைப் பூச்சு நன்றாக இருந்ததையே எடுத்தேன். ஆர்டர் முடிந்து, நன்றி என்று திரையில் வந்தது. கைப்பேசியைக் கீழே வைத்தேன். ஃபேன் ஓடவில்லை. அப்போதுதான் அவள் மூன்றாம் முறை கூப்பிட்டாள்.

"குகநாதன்."

நடுவில் மூச்சு வாங்கினாள், ஆனாலும் ஓர் எழுத்தும் தேயவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் என் பெயரைக் கேட்டதில்லை. இன்னொரு தடவை சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.